அச்சுக்கு மேலே உட்கார்ந்தவர்கள்

புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகியும் மனுஷனுக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. பேர் ஜெறோம். முன்பு தோட்டத்து ட்ரக்டர் ஓட்டியவர், இப்போது சொந்தமாகக் கெப் வைத்திருக்கிறார். பலாங்கொடையிலிருந்து பதினாலு கிலோமீற்றர் மேலே இருக்கிற எங்கள் டிவிசனில், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக இருக்கிற ஒரே வண்டி அதுதான்.

நான் பிலோமினா. பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். உண்மைதான். இதை எழுத உட்கார்ந்ததே அந்த வாயால் வந்த வினையைச் சொல்லத்தான். ஆனால் ஜெறோமைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

ஜெறோம் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் வைகிறதைப் பார்த்துவிட்டு யாரும் தப்பாக நினைக்கக்கூடாது. யார் கூப்பிட்டாலும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழும்பிப் போகிறவர். நோயாளி என்றால் டீசலுக்குக்கூட வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் வண்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது. என் சமையலைக் குறை சொன்னால் அவரும் சேர்ந்து சிரிப்பார். வண்டியைச் சொன்னாலோ மூன்று நாளைக்கு முகம் கொடுக்க மாட்டார். அது தெரிந்து லயத்தில் எல்லாரும் வண்டியைப் புகழ்ந்துதான் பேசுவார்கள். அந்தப் புகழ்ச்சியை அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

வாங்கும்போதே அது பழைய வண்டி. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் நீளமான திறந்த தட்டு. பாரம் இழுக்கவென்றே செய்தது, சும்மா ஓடினாலே கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் ஓடும். கீழே கிராமங்களில் சிங்கள ஆட்களின் சின்னச் சின்னத் தேயிலைக் காணிகள் இருக்கின்றன. அவர்களுடைய கொழுந்தை பெக்டரிக்குக் கொண்டுபோவது, வீடு கட்டுகிறவர்களுக்குச் சீமெந்து, கல், மணல் ஏற்றுவது, இதுதான் ஜெறோமின் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் வண்டியின் தரத்தை ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். பாரம் ஏற்றினால் பின்பக்கம் குந்துகிறதா, நிமிர்ந்து நிற்கிறதா? குந்தினால் அது பொம்பளை வண்டி என்று கேலி செய்வார்கள். பிறந்ததிலிருந்து எத்தனை கிலோ எடுத்தாய் என்று கேட்டே வளர்ந்த சனம் நாங்கள். வண்டியிடமும் அதைத்தான் கேட்போம், ஏறுகிறவனுக்குச் சுகமா என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.

ஒருநாள் கல் ஏற்றிக்கொண்டு வந்தபோது கெப் குந்திவிட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரமே ஜெறோம் பலாங்கொடைக்குப் போய், பின்சில்லுப் பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கிற வில்லுப் பட்டைகளோடு, பக்கத்துக்கு மூன்றாக லொறிப் பட்டைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். வழக்கமாக வண்டியைப் பழுது பார்க்கிற மெக்கானிக் பயாஸ் பாஸ் அது வேண்டாம் என்று சொன்னாராம். இவர் கேட்காமல் வேறு கராஜுக்குப் போய்விட்டார். டயருக்கும் லொறிக்கு அடிக்கிற மாதிரி காற்று அடித்தார். அதன்பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வண்டி குந்தவில்லை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி அந்த ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்திலிருந்து ஒரு நோயாளியை ஏற்றினால், கூடவே ஏழெட்டு ஆம்பளைகளும் பின்னால் ஏறிவிடுவார்கள். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், ஒன்றுமில்லாதவன், எல்லாரும். ஏறி, பின்சில்லுக்கு நேர் மேலே நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, எதிரில் இருக்கிற கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, திரும்பி வருகிறபோது மறுபடி ஏறுவார்கள். ஜெறோம் என்னிடம் முணுமுணுப்பார், பஜாரைச் சுற்றிப் பார்க்க ஓசிப் பயணம் என்று. நான் அதற்கு மேலே ஒரு படி. அவர்கள் துப்பிய வெற்றிலை எச்சிலையும் சப்பாத்துச் சேற்றையும் மறுநாள் தேய்த்துக் கழுவுகிறவள் நான்தானே.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஜூன் மாதத்துக் காலை. முதல்நாள் சாயந்தரம்தான் வண்டித் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருந்தேன். பத்து மணி இருக்கும், மலையில் விஜயகலா விழுந்துவிட்டாள் என்று சத்தம் கேட்டது. எங்கள் டிவிசனில் அவளைப் போல் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. முப்பத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகளையும் என் கையில் தந்துதான் வளர்த்தாள். மழையில் ஊறிய வடிகால் கானில் கால் வழுக்கி, கொழுந்து மூட்டையோடு மல்லாக்க விழுந்து, கல்லில் இடுப்பு அடிபட்டிருந்தது. சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். முகம் வெளுத்திருந்தாலும் பேசினாள், காலை ஆட்டினாள். நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு காலும் ஆடின.

தட்டில் மெத்தை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். அவள் மாமியார் வெள்ளையம்மா ஏறினார். பிள்ளைகளைக் காம்பராவில் உதவிக்கு இருந்தவளிடம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். வழக்கம்போல ஆம்பளைகள் டயரில் கால் வைத்து ஏற ஆரம்பித்தார்கள், மழையில் நனைந்த சேற்றுக் காலோடு. நான் குனிந்து ஜெறோமிடம் சொன்னேன், இன்றைக்கு இவர்களை ஏற்றாதீர்கள், நேற்றுத்தான் கழுவினேன், கழுவுகிறவளுக்குத்தானே கஷ்டம் தெரியும் என்று. ஒரு பெண் இடுப்பொடிந்து கிடக்கும்போது நான் சொன்ன வார்த்தை இது. மாற்றிச் சொல்ல வழியில்லை, இதைத்தான் சொன்னேன்.

ஜெறோமுக்கு அதற்காகவே காத்திருந்த மாதிரி கோபம் வந்துவிட்டது.

"ஒருத்தரும் ஏற வேணாம். இது பலாங்கொட பஸ் இல்ல. நோயாளிக்கு ரெண்டு பொம்பளைங்க போதும், எல்லாரும் எறங்குங்க."

விஜயகலாவின் புருஷன் அழகமுத்து ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தான். "அண்ணே, நாங்க எதுக்கு ஏறுறோம்னா..." என்று தொடங்கினான். ஜெறோம் அவனை முடிக்க விடவில்லை. நீ முன்னால் வந்து உட்கார் என்று கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். நான் சுத்தமான தட்டில் சௌகரியமாக உட்கார்ந்தேன்.

அந்தப் பயணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெறும் வண்டி ஓடவில்லை, குதித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் எங்களை மேலே எறிந்து கீழே பிடித்தது. என் கையைப் பிடித்தபடியே மெத்தையோடு விஜயகலா எழும்பி எழும்பி விழுந்தாள். முதலில் சாமி பேரைச் சொன்னாள், பிறகு அம்மா என்றாள், பிறகு சொல் எதுவும் வராமல் ஒரு முனகல் மட்டும் வந்தது. வெள்ளையம்மா கேபினைத் தட்டித் தட்டி மெதுவாகப் போகச் சொன்னார். ஜெறோம் மெதுவாகத்தான் போனார். மெதுவாகப் போனாலும் அது குதிப்பதை விடவில்லை. பெக்டரிக்குக் கீழே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது, ஒரு பக்கம் தாழ்ந்துபோன பாலம். அதில் ஏறி இறங்கியபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டார். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வலது காலைக் காணவில்லையே அக்கா என்றாள். கால் அங்கேதான் இருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

பலாங்கொடையில் பார்த்துவிட்டு ரத்தினபுரிக்கு அனுப்பினார்கள். டொக்டர் சிங்களத்தில் அழகமுத்துவிடம் விளக்கிச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். விழுந்தபோதே முதுகெலும்பு வெடித்திருக்கிறது, ஆனால் விலகியது விழுந்தபோதா வருகிற வழியிலா என்று தன்னால் சொல்ல முடியாது, இப்படி அடிபட்டவர்களைக் குலுக்கக்கூடாது என்றார். எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். கெப்பில் என்று அழகமுத்து சொன்னான். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, ரோடு மோசமா என்று கேட்டார். மோசம் என்றான். அந்த இடத்தில் ரோட்டின் தலையில் விழுந்த பழி, பிறகு அங்கேயே நின்றுவிட்டது.

அவள் நாலு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். ஊன்றுகோலோடு நடந்தாள். வலது கால் இழுத்துக்கொண்டு வந்தது. இனி மலைக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் தோட்டத்தில் ரோட்டுக்காகப் பெரிய போராட்டமே நடந்து முடிந்திருந்தது. ஆபிஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தோம். தொழிற்சங்கத்துத் தலைவர் மைக்கை ஜெறோமிடம் கொடுத்து, ஓட்டிப்போன நீங்களே சொல்லுங்க என்றார். ஜெறோம் தமிழிலும் சிங்களத்திலும் பேசினார். அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசினார், பள்ளங்களைப் பற்றிப் பேசினார், தொரைமார் ஜீப்பில் போகிறார்கள் எங்களுக்கு என்ன கதி என்று கேட்டார். கைதட்டினார்கள். வெள்ளையம்மா வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கையை இழுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தபோதுதான், இவருக்கும் தெரிகிறது என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரோடு மோசம்தான், யார் இல்லை என்றது? அதே ரோட்டில் பக்கத்துத் தோட்டத்து வண்டி கர்ப்பிணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அவர் பட்டையைப் பற்றிப் பேசவில்லை, நானும் எச்சிலைப் பற்றிப் பேசவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்களே, அப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தோம்.

கடைசியில் ஒரு நாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் போன பிறகு, நீயும் வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு பயாஸ் பாஸ் கராஜுக்குப் போனார். பயாஸ் பாஸுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிரிக்காமல் கேலி பண்ணுகிற மனுஷன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இதில் ஆள் ஏற்றுகிறீர்களா கல் ஏற்றுகிறீர்களா என்று கேட்டார். இரண்டும் என்றார் ஜெறோம். அப்படியானால் நீங்கள் ஒரு தடவை பின்னால் ஏறுங்கள் என்றார் பாஸ்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஜெறோம் தன் வண்டியின் பின்னால் ஒரு நாளும் பயணம் போனதில்லை. பாஸ் ஓட்டினார், நான் முன்னால் உட்கார்ந்தேன். கராஜுக்குப் பின்னால் ஆற்றோரமாகப் போகிற கல் ரோட்டில் அரைக் கிலோமீற்றர்கூட இருக்காது. திரும்பி வந்து நிறுத்தியபோது ஜெறோம் தட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு பல்லில் பட்டு வெடித்து இரத்தம் வந்திருந்தது. இறங்கி வாய் கொப்பளித்தார்.

பேசியது பயாஸ் பாஸ்தான். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியாது என்று நினைத்தேன், எல்லாம் புரிந்தது. பட்டை கூடினால் பாரம் தாங்கும், ஆனால் பாரம் இல்லாதபோது அது வளையவே வளையாது. வளையாத பட்டை பள்ளத்தை அப்படியே உடம்புக்குக் கொடுக்கும். குலுக்கத்தை அடக்குகிற ஷொக் இரண்டிலும் எண்ணெய் வற்றிப்போய்ச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. டயரில் கல்லுப் போல காற்று. இதெல்லாம் அன்றைக்கே சொன்னேன் தானே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் சொன்ன அடுத்த விஷயத்தில்தான் எங்கள் இரண்டு பேருடைய உயிரும் போனது.

"ஒங்கட ஆக்களுக்கு இது வெளங்கியிருக்கு. வெறும் வண்டி குதிக்கும், பாரம் ஏறினா குதிக்காது. நோயாளி குலுங்கப்படாதுன்னுதான் எட்டுப் பேரு அச்சுக்கு மேல குந்திக்கிட்டு வாறாங்க. நான் ஒரு தரம் கேட்டேன், அழகமுத்துதான் சென்னான்."

அவர் கராஜ் ஆஸ்பத்திரிக்கு எதிரில், அந்த டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓசிப் பயணமா என்று அவரும் ஒருநாள் கேலியாகக் கேட்டிருக்கிறார். அதற்கு அழகமுத்து சொன்ன பதில் இது. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன ஆள், நடுவில் இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், பாதிச் சம்பளம் போய்விடும். அதையும் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மண் மூட்டைக்குப் பதிலாகத் தங்கள் உடம்பை வைத்திருக்கிறார்கள். வண்டியைக் குறை சொன்னால் ஜெறோம் அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று, குறை சொல்லாமலே அதைச் சரிசெய்ய அவர்கள் கண்டுபிடித்த வழி. அவர்களைத்தான் நாங்கள் எச்சில் துப்புகிறவர்கள் என்று இறக்கிவிட்டோம்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஜெறோம் அங்கே கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வேலை முடிய இரண்டரை மணித்தியாலம். அவ்வளவுதான். லொறிப் பட்டைகளைக் கழற்றினார்கள். பட்டைகளின் நுனியில் தேய்ந்துபோயிருந்த ரப்பர்களை மாற்றினார்கள், ஷொக் இரண்டும் புதிதாகப் போட்டார்கள், டயரில் காற்றைக் குறைத்தார்கள். பாரம் ஏற்றுகிற நாளில் காற்றைக் கூட்டுங்கள், ஆள் ஏற்றுகிற நாளில் குறையுங்கள், கல் ஏற்றுகிற தொழிலைப் பாதியாக்குங்கள் என்றார் பாஸ். ஜெறோம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திரும்பி வரும்போது நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அந்தப் பாலம் வந்தது. வண்டி சாய்ந்து, மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு பத்து நாள் ஜெறோம் அழகமுத்து வீட்டுப் பக்கம் போகவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கக்கூட என்னை அனுப்பினார். வழியில் அந்த ஆட்களில் யாராவது கும்பிட்டால், இவர் பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எப்போது போய்ச் சொல்லப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். அப்போதும் எனக்கு மற்றவரை அனுப்பத்தான் வாய் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வெள்ளை ஷேர்ட்டைக்கூட மாற்றாமல், போவோம் என்றார். விஜயகலா தன் லயத்துக் காம்பராவில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழகமுத்து விறகு பிளந்துகொண்டிருந்தவன் உள்ளே வந்தான். வெள்ளையம்மா எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். ஜெறோம் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னார்.

"ரோடு இல்ல தங்கச்சி. என் வண்டி. பாரத்துக்காகப் பட்டை கூட்டியிருந்தேன். இவங்க எல்லாம் எதுக்கு ஏறுறாங்கன்னு தெரியாம அன்னைக்கு எறக்கிவிட்டேன். தெரிஞ்ச பொறகும் மைக்க புடிச்சி ரோடுன்னு பேசினேன்."

கடைசி வார்த்தை சரியில்லை. பேசியபோது ஆட்கள் ஏன் ஏறினார்கள் என்பது அவருக்குத் தெரியாது, பட்டையைப் பற்றித்தான் தெரியும். ஆனால் தன்மேல் கூடுதலாகவே போட்டுக்கொண்டார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு வருகிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

தெரியும் அண்ணே என்றான் அழகமுத்து. அன்றைக்கே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம், நீங்கள் கோபித்துக்கொண்டால் நாளைக்கு வேறு யாருக்கோ வண்டி வராமல் போய்விடுமே என்று விட்டுவிட்டேன் என்றான். முன்சீட்டில் சுகமாக உட்கார்ந்து வந்ததை நினைத்து ஒவ்வொரு நாளும் வெட்கப்படுகிறேன் என்றும் சொன்னான். செய்தது நாங்கள், வெட்கத்தைச் சுமந்து திரிந்தது அவன். ஜெறோம் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

மாதத்துக்கு ஒரு முறை விஜயகலா ரத்தினபுரி கிளினிக்குக்குப் போக வேண்டும். அதுவரை பலாங்கொடை பஸ்ஸில் போய், அங்கே மாறி, ஊன்றுகோலோடு நின்றுகொண்டுதான் போய் வந்தாள். எங்கள் கெப்பை அவள் ஒருநாளும் கேட்டதில்லை, நாங்களும் வாருங்கள் என்று சொல்லத் துணிந்ததில்லை. இப்போது ஜெறோம் கேட்டார். வண்டியைச் சரிசெய்துவிட்டேன், கிளினிக்குக்கு நான் கொண்டுபோகிறேன், மறுக்காதே என்றார். அவள் பயமாக இருக்கிறது என்றாள். அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே இடுப்பு வலிக்கிறது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, சொல்லும்போதே அவள் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். முதலில் இவர் படுத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும் என்று புருஷனைக் காட்டினாள்.

அப்படியே நடந்தது. மறுநாள் காலை, அதே மெத்தை, அதே தட்டு, அழகமுத்து மல்லாக்கப் படுத்தான். வேறு யாரும் ஏறவில்லை. ஆரோக்கியமான ஆம்பளை ஒருவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு வண்டியில் படுத்துப் போவதை லயமே வெளியே வந்து பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பலாங்கொடை வரைக்கும் போய், ஆஸ்பத்திரி வாசலில் திருப்பிக்கொண்டு, பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். நான் விஜயகலாவின் பக்கத்தில் வாசலில் நின்றேன். அழகமுத்து இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"குலுங்கலடி," என்றான். "பாலத்துலகூடக் குலுங்கல." பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "அன்னைக்கும் இப்படி இருந்திருக்கலாம்," என்றான்.

அவன் அதை யாரையும் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஜெறோம் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இரண்டரை மணித்தியால வேலை. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. விஜயகலாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர்களை ஏற்றாதே என்று சொன்னது நான், தட்டைக் கழுவியிருந்தேன், சேறாகிவிடும் என்று சொன்னேன், என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் கத்தினார் என்றேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"ஒங்க கையத்தானக்கா வழி முழுக்கப் புடிச்சிருந்தேன்," என்றாள்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கிளினிக் நாளைக்கு எங்கள் கெப்பில்தான் போனாள். நான் தலையணையும் போர்வையும் கொண்டுபோய் மெத்தையை விரித்து வைத்தேன். அழகமுத்துவும் ஜெறோமும் அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். ஜெறோமிடம், மெதுவாகவே போங்கண்ணே, அவசரமில்லை என்று சாதாரணமாகப் பேசினாள். நான் ஏறுவதற்காக டயரில் கால் வைத்தேன்.

"நீங்க வேணாங்கக்கா," என்றாள். "புள்ளைங்க காத்திருக்கும், நீங்க காம்பராவுக்குப் போங்க. அத்த வர்றாங்க."

நான் காலை எடுத்துக்கொண்டேன். வெள்ளையம்மா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் முதல் பள்ளத்தைத் தாண்டிப் போனது. நான் பிள்ளைக் காம்பராவைத் திறக்கப் போனேன்.